நெஞ்சருகே இருந்த சாவி

திருநெல்வேலிச் சீமையிலிருந்து நாஞ்சில் நாட்டு வழியாகத் திருவனந்தபுரம் செல்வோர் கரமனை ஆற்றைக் கடந்தே நகருக்குள் நுழைவர். ஆற்றங்கரை அக்கிரகாரங்களிலும் தெருக்களிலும் தமிழ் ஒலிக்கும் பகுதி அது. மகாராஜா கல்லூரியில் தமிழ் கற்பிக்கப் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு புலவர் அந்நகருக்கு வந்து சேர்ந்தார். அவர்தாம் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. மனோன்மணீயம் இயற்றிய சுந்தரம் பிள்ளை அதே கல்லூரியில் தத்துவம் போதித்த காலம் அது.

கிருஷ்ண பிள்ளை 1827-இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் பிறந்தார். வைணவ வேளாளர் குடும்பம். தந்தை கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். கம்பனின் சந்தம் மகனின் செவியில் இளமையிலேயே குடியேறியது. கடைசிவரை அது அவரை விட்டு நீங்கவில்லை.

1853-இல் சாயர்புரம் கிறிஸ்தவக் கல்விச்சாலையில் தமிழாசிரியரானபோது, அச்சமயத்தின்மீது அவருக்கு நாட்டமில்லை, வெறுப்பே இருந்தது. ஆயினும் நண்பர்களும், பின்னர் உடன்பிறந்த தம்பியுமே அந்நெறியைத் தழுவினர். வாதிட்டு வெல்ல முற்பட்டவரின் உள்ளத்திலேயே போராட்டம் மூண்டது. தம் குற்றங்களுக்கு மீட்சி உண்டா என்ற ஏக்கம் ஒருபுறம்; தாயின் கண்ணீர், உற்றாரின் விலக்கு என்ற அச்சம் மறுபுறம். முன்னே அடி வைக்கவும் இயலாது, பின்னே திரும்பவும் இயலாது. ஆன்மிகப் பாதையில் நடந்தவர் எச்சமயத்தவராயினும் இந்நிலையை அறிவர். இடைவிடாத பிரார்த்தனையிலேயே அவர் மனம் அமைதி கண்டது. 1858 ஏப்ரலில் சென்னை மயிலாப்பூரில் திருமுழுக்குப் பெற்றார். இதை வெறும் மதமாற்றச் செய்தியாக மட்டும் காண்பவர்க்கு அவ்வுள்ளத்தின் வேதனையும் விடுதலையும் புலப்படமாட்டா.

அவ்வேதனையைப் பாடுவதற்கு ஏற்ற கதை ஆங்கிலத்தில் இருந்தது. பாத்திரங்களைப் பழுதுபார்த்துப் பிழைத்த ஜான் பனியன் (1628–1688) தாம் மன்னிப்பே இல்லாத பாவத்தைச் செய்துவிட்டதாக எண்ணி ஆண்டுக்கணக்கில் துடித்தவர். அனுமதியின்றிப் போதித்தமைக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலும் இருந்தவர். 1678-இல் வெளிவந்த அவரது மோட்சப் பயண நூலில் ஒரு கட்டம் உண்டு. வழி தவறிய பயணிகள் இருவரை நிராசை என்னும் அரக்கன் தன் சந்தேகக் கோட்டையில் அடைக்கிறான், தடியால் அடிக்கிறான். அடியைவிடக் கொடியது அவன் கூறும் அறிவுரை. இனி வெளியேற முடியாது, ஆதலால் உயிரை மாய்த்துக்கொள்வதே மேல் என்று அவன் கடுமையுடன் எடுத்துரைக்கிறான். தன்னையே தோற்கடிக்கும் எண்ணம் இவ்வாறுதான் பேசும். பயணிகளுள் ஒருவன் ஏறத்தாழ இணங்கிவிடுகிறான், மற்றவன் தடுக்கிறான். இரவெல்லாம் பிரார்த்தித்து விடியும் வேளையில், இறைவாக்குறுதி என்னும் சாவி தன் நெஞ்சருகிலேயே இருந்ததை முதல்வன் நினைவுகூர்கிறான். கோட்டையின் கதவுகள் திறக்கின்றன.

பத்தாவது ஆளைத் தேடி அழுதவன் தானே பத்தாமவன் என்றறிந்த வேதாந்தக் கதை இங்கு நினைவுக்கு வரலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அங்கு விடுவிப்பது தன்னைப் பற்றிய அறிவு. இங்கு இறைவன் தந்த வாக்கில் வைக்கும் நம்பிக்கை.

பனியனின் கதையைக் கிருஷ்ண பிள்ளை மொழிபெயர்க்கவில்லை. தமிழ்க் காவியமாக மீண்டும் பிறப்பித்தார். பயணிக்கு அவர் சூட்டிய பெயர் ஆத்துமவிசாரி! ஆதி பருவம் தொடங்கி இரட்சணிய பருவம் ஈறாக ஐந்து பருவங்கள். மூவாயிரத்து எழுநூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள். இடையிடையே தேவாரப் பதிகங்களை ஒத்த இசைப்பாக்கள். இயேசுவின் பாடுகளை விரித்துரைக்கும் பகுதி பனியனிடம் இல்லாதது. கற்பிக்கும் பணிக்கிடையே சிறுகச் சிறுக எழுதப்பட்ட இக்காவியம் நற்போதகம் இதழில் பல்லாண்டுகள் தொடராக வந்தது. திருவனந்தபுரத்தில் பணியாற்றியபின் அவர் பாளையங்கோட்டைக்குத் திரும்பிவிட்டார். 1892 டிசம்பரில் சுவாமி விவேகானந்தர் திருவனந்தபுரம் வந்தபோது அவர் அந்நகரில் இல்லை. இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் நூலுருப் பெற்றது. அப்போது அவருக்கு வயது அறுபத்தேழு. கிறிஸ்தவக் கம்பர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது.

1900 பிப்ரவரியில் அவர் மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டு வெளியான இரட்சணிய மனோகரத்தில் அவர் தம் இறைவனைச் சத்து, சித்து, ஆனந்தம் என்று விளித்துப் பாடிய பாடலைத் தமிழ்க் கிறிஸ்தவ ஆலயங்களில் இன்றும் பாடுகின்றனர்.