பிராம்ஸ் இட்ட கையெழுத்து

பியானோ பழகும் தோழியருக்கு அந்தப் புகழ்பெற்ற தாலாட்டு தெரிந்திருக்கும். 1868-இல் அதை இயற்றிய யோகான்னஸ் பிராம்ஸ், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1833 மே 7-ஆம் நாள் எளிய குடும்பத்தில் பிறந்தார். தந்தை டபுள் பாஸ் என்னும் பெரிய நரம்புக் கருவியை வாசித்துப் பிழைத்தவர்.

இருபது வயதிலேயே இசைமேதை ஷூமான் இவரைப் பத்திரிகையில் வானளாவப் புகழ்ந்தார். அப்புகழே பாரமாயிற்று. பீத்தோவனுக்குப் பின் சிம்பொனி எழுதுவதா என்று அஞ்சி அஞ்சிக் காலம் கடத்தினார். முதல் சிம்பொனி 1876-இல் அரங்கேறியபோது இவருக்கு வயது 43!

பிடிக்காத தம் படைப்புகளை எரித்துவிடும் இவர், முன்னோரின் கையெழுத்துப் பிரதிகளைப் பொக்கிஷமாய்ச் சேர்த்தார். பியானோ குவின்டெட் ஒன்றை ஹெஸ்ஸே இளவரசி அன்னாவுக்குக் காணிக்கையாக்கினார். இளவரசி தந்த பரிசு பொன்னன்று. 1788-இல் மொசார்ட் தம் கையாலேயே எழுதிய ஜி மைனர் சிம்பொனியின் மூலப்பிரதி! அன்றிரவு பிராம்ஸ் உறங்கியிருப்பாரா என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

பின்னாளில் வியன்னாவில் இவரிடமே பலர் கையெழுத்துக் கேட்டனர். நண்பர் யோகான் ஸ்ட்ராஸ் வீட்டுப் பெண்மணி ஒருவர் தம் விசிறியை நீட்டினார். பிராம்ஸ் தம் இசையை அதில் எழுதவில்லை. ஸ்ட்ராஸின் நீல டான்யூப் வால்ட்ஸின் தொடக்கச் சுரங்களை எழுதி, ஐயோ, இது நான் இயற்றியதில்லையே என்ற ஏக்கத்தையும் குறித்து, கீழே தம் பெயரை இட்டார்.

1897 ஏப்ரல் 3-ஆம் நாள் பிராம்ஸ் வியன்னாவில் காலமானார். மொசார்ட்டின் அந்தத் தாள்கள் அந்நகரின் இசை நண்பர்கள் சங்கத்தைச் சேர்ந்தன.