தேகப்பயிற்சித் தந்தை ஹாரி குரோ பக்

நாட்டிற்கு நலம் புரிந்தோரை இருவகையினராகப் பிரிக்கலாம். ஒரு சாராருடைய பெயரை ஊரார் அறிவர். அவர்தம் பணி யாதெனின் விடை கூற மயங்குவர். மற்றொரு சாராருடைய பணியை ஊரார் நாள்தோறும் துய்ப்பர். அதனைத் தொடங்கி வைத்தவர் யாரெனின் அறியார். நாம் இங்கு எழுதப் புகுந்த ஹாரி குரோ பக் என்னும் பெரியார் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தவர். உடற்கல்வித் துறையினர் அவரை இந்திய நாட்டுத் தேகப்பயிற்சியின் தந்தை எனப் போற்றுவர். ஏனையோருள் அவரை அறிந்தார் சிலரே.

சேலத்திலிருந்து இராசிபுரம் வழியாக நாமக்கல் நோக்கிச் செல்வோர் மாலை நான்கரை மணியளவில் சாலையின் இருமருங்கும் நோக்குவாராயின், ஒரே காட்சியை மீண்டும் மீண்டும் காண்பர். நிலக்கடலைக் கொல்லைகளுக்கும் மரவள்ளித் தோட்டங்களுக்கும் நடுவே ஒரு பள்ளிக்கூடம்; அதன் பக்கத்தில் செம்மண் திடல்; திடலில் சுண்ணாம்புக் கோடு; கழுத்தில் ஊதல் தொங்க நிற்கும் ஓர் ஆசிரியர்; அவரைச் சூழ்ந்து சிறுவர் கூட்டம். பழைய நாளில் டிரில் மாஸ்டர் என்றும், இந்நாளில் பி.டி. வாத்தியார் என்றும் வழங்கப்பெறும் அவரை நாம் அனைவரும் அறிவோம். அவர் எங்ஙனம் நம் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தார் என்று ஆராயப் புகின், வழி சென்னைக்கும், அங்கிருந்து கடல் கடந்து அமெரிக்காவிற்கும் செல்கின்றது.

பக் அவர்கள் 1884-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 25-ஆம் நாள் அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாகாணத்தில் லிவர்பூல் என்னும் சிற்றூரில் பிறந்தார். பின்னர் மாசசூசெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் கல்லூரியில் பயின்றார். ஒய்.எம்.சி.ஏ. என நாம் வழங்கும் இச்சங்கம், 1844-இல் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்பவரால் லண்டன் மாநகரில் தோற்றுவிக்கப்பெற்றது. உடலும் உள்ளமும் ஆன்மாவும் ஒருங்கே வளர்தல் வேண்டும் என்பது அச்சங்கத்தாரின் கொள்கை. அக்கொள்கைக்கு உறைவிடமாக விளங்கிய ஸ்பிரிங்பீல்டு கல்லூரியிலேதான் 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் கூடைப்பந்தாட்டத்தைக் கண்டுபிடித்தார். அக்கல்லூரியில் பயின்ற வில்லியம் மார்கன் என்பவர் 1895-இல் அண்மையிலுள்ள ஹோலியோக் நகரில் கைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். இன்று நம் கிராமத்து இளைஞர் இரண்டு கம்பங்களை நட்டு வலை கட்டி ஆடும் வாலிபால் அதுவே. இத்தகைய கல்லூரியில் பயிற்சி பெற்ற பக் அவர்கள், விளையாட்டைப் பொழுதுபோக்காகக் கருதாது கல்வியின் ஓர் உறுப்பாகவே கருதியதில் வியப்பில்லை.

அவர் 1919-இல் சென்னை வந்து சேர்ந்தார். அந்நாளில் நம் நாட்டுப் பள்ளிகளின் நிலை யாது? 1882-இல் அமைந்த ஹண்டர் கல்விக் குழுவினர், நாட்டு விளையாட்டுக்களும் உடற்பயிற்சியும் பள்ளிகளில் இடம்பெறல் வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தனர். ஆயினும் அதனைக் கற்பிக்க வல்ல ஆசிரியர் இலர். பல இடங்களில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தோர் மாணவரை வரிசையில் நிறுத்தி, இடமும் வலமும் திருப்பி, படைவீரரைப் போல நடக்கப் பழக்கினர். சிறுவனின் வயதென்ன, உடல்நிலை என்ன, அவன் மனம் மகிழ்கின்றதா என்பன அங்குக் கேட்கப்பெறாத கேள்விகள். மற்றொருபுறம், சிலம்பம், மல்யுத்தம், சடுகுடு, கிளித்தட்டு, கிட்டிப்புள் எனப் பழங்கலைகளும் ஆட்டங்களும் ஊர்தோறும் வாழ்ந்தன; ஆனால் அவை பள்ளியின் வாயிலுக்கு வெளியே நின்றன. வெயிலில் நடைபழகுதல் தண்டனைபோல் ஆயிற்று. விருப்பமான விளையாட்டோ படிப்பைக் கெடுப்பது என்று பெயர் பெற்றது.

இக்குறையைப் போக்கும் வழியைப் பக் அவர்கள் ஆராய்ந்தார். தாமே சில இளைஞரைத் தேர்ந்தெடுத்துப் பழக்கி, பந்தயங்களில் வெற்றி கொள்ளச் செய்து, புகழ் ஈட்டுதல் அவருக்கு அரிதன்று. அவர் அதனை விரும்பினாரல்லர். ஒருவர் பத்து வீரரைப் பழக்கலாம். பத்து ஆசிரியரைப் பழக்கினால் அவர்கள் பதினாயிரம் சிறுவரைப் பழக்குவர். இக்கணக்கின் உண்மையை அவர் உணர்ந்திருந்தார் என்பதற்கு அவர் செயலே சான்று. 1920-ஆம் ஆண்டு சென்னையில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் ஆதரவில் தேகப்பயிற்சி ஆசிரியருக்கான கலாசாலை ஒன்றை நிறுவினார். தொடக்கத்தில் அதன் மாணவர் தொகை ஐந்து. மாளிகையும் மண்டபமும் அன்று இல்லை. கூரைக் கொட்டகைகளும் ஒரு வெட்டவெளியுமே அதன் உடைமை.

அக்காலத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒத்துழையாமை இயக்கம் தொடங்கிய ஆண்டும் அதுவே. அயலார் நடத்தும் கல்விச்சாலைகளை விட்டு இளைஞர் வெளியேறிய வேளையில், அயல்நாட்டார் ஒருவர், விளையாடக் கற்பிப்பதற்கென்று ஒரு பள்ளி அமைத்தார். பட்டமும் பதவியும் தாராத இப்படிப்பை நாடிப் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் எத்துணைத் தயங்கியிருப்பர் என்பதை நாம் எளிதில் உணரலாம். ஐவர் வந்ததே அரிது. அந்த ஐவரைக் கொண்டு தொடங்கிய பணியை அவர் இடையில் கைவிட்டாரில்லை. ஆண்டுதோறும் மாணவர் பெருகினர். இந்தியாவின் பல மாகாணங்களிலிருந்தும் இளைஞர் வந்து பயின்று, தத்தம் ஊர் திரும்பி, பள்ளிகளில் ஆசிரியராயினர். பின்னர்ச் சைதாப்பேட்டையில் அடையாற்றின் கரையில், இந்நாளில் நந்தனம் என வழங்கும் பகுதியில், அறுபது ஏக்கருக்கு மேற்பட்ட பரந்த நிலத்தில் கலாசாலை நிலைபெற்றது. ஓடுபாதையும், உடற்பயிற்சிக் கூடமும், நீச்சற் குளமும், மரநிழலும் அமைந்த அவ்விடம் இன்றும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி என்னும் பெயருடன் விளங்குகின்றது. ஆசியாக் கண்டத்திலேயே இவ்வகையில் முன்னோடியான கல்லூரி என்பர். 2020-இல் அதற்கு நூறாண்டு நிறைந்தது.

பக் அவர்களின் தொண்டு கல்லூரியின் மதிலுக்குள் அடங்கவில்லை. 1924-இல் பாரிஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நிகழ்ந்தன. அதற்கு வீரரைத் தெரிந்தெடுக்கும் பொருட்டு அவ்வாண்டு பிப்ரவரியில் தில்லியில் அகில இந்தியப் பந்தயங்கள் நடைபெற்றன. இம்முயற்சியில் ஸர் தோராப்ஜி தாதா அவர்களும், வாலிபர் சங்கத்தைச் சார்ந்த டாக்டர் நோரென் அவர்களும் முன்னின்றனர். தெரிந்தெடுக்கப்பெற்ற வீரரைப் பாரிஸுக்கு அழைத்துச் சென்ற மேலாளர் நம் பக் அவர்களே. நீளத் தாண்டுதலில் தலீப் சிங், தடை தாண்டி ஓடுதலில் சி. கே. லக்ஷ்மணன் முதலியோர் அக்குழுவில் இருந்தனர். அவர்கள் பதக்கம் எதுவும் பெற்று மீண்டாரல்லர். தோல்வி என்று கூறுவோர் கூறுக. ஆயினும், ஒரு நாட்டினர் முறையாகத் தெரிந்தெடுக்கப்பெற்று உலக அரங்கில் நிற்கும் வழக்கத்திற்கு அம்முயற்சி அடிகோலியது. மூன்றாண்டுகளில், 1927-இல், இந்திய ஒலிம்பிக் சங்கம் முறையாக அமைந்தது. அடுத்த ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் இந்திய ஹாக்கி வீரர் பொற்பதக்கம் வென்றனர்.

சென்னை மாகாண அரசாங்கத்தாருக்குத் தேகப்பயிற்சித் துறையில் ஆலோசகராகவும் பக் அவர்கள் பணியாற்றினார். அவர் தொகுத்த விளையாட்டு விதிகள் பற்றிய நூல், ஆசிரியர் கைகளில் நெடுங்காலம் வழங்கிற்று. ‘வியாயாம்’ என்னும் பத்திரிகையும் அவர் முயற்சியால் வெளிவந்தது. இங்கு ஒன்றைச் சிறப்பாகக் கூறல் வேண்டும். கூடைப்பந்து பிறந்த கல்லூரியிலிருந்து வந்தவர் அவர். தம் நாட்டு ஆட்டங்களை மட்டுமே பரப்பியிருப்பினும் எவரும் குறை கூறார். ஆயினும் சடுகுடு முதலிய நம் நாட்டு ஆட்டங்களையும் அவர் மதித்து, அவற்றின் விதிகளையும் ஏனை ஆட்டங்களின் விதிகளோடு ஒருங்கு வைத்தார். தெருப்புழுதியில் கிடந்த ஆட்டம் பள்ளித் திடலுக்குள் மரியாதையோடு நுழைந்தது. சடுகுடு 1936-இல் பெர்லினில் உலகத்தார் முன் ஆடிக் காட்டப்பெற்றதும், 1990-இல் பீஜிங் நகரில் ஆசிய விளையாட்டுக்களில் ஒன்றாக ஏற்கப்பெற்றதும் வேறு பலருடைய உழைப்பின் பயன். ஆயினும் நம் ஆட்டத்தை நாமே இழிவாக எண்ணிய காலத்தில் அதனை மதித்த அயலாரை மறத்தல் நன்றியன்று.

சடுகுடு ஆட்டத்தில் மற்றோர் உண்மையும் உண்டு. பாடி வருபவனைத் தொடாமல் பிடித்தல் இயலாது. மூச்சடக்கி வருபவனின் காலைப் பற்றுபவன், அவன் எக்குலத்தான் என்று வினவிப் பின் பற்றுவானல்லன். தொடுதலே குற்றம் எனக் கருதிய ஊர்களில், தொட்டால்தான் ஆட்டம் என்னும் விதி எத்துணைப் பெரிய பாடம்! நூலில் படித்து உணர வேண்டியதைத் திடல் மேனியில் எழுதி விடுகின்றது. ஒரே திடலில் ஆடி, ஒரே பானைத் தண்ணீரை அருந்தி வளர்ந்த மாணவர், ஊர் திரும்பியபின் அப்பழைய வேலிகளை முன்போல் மதித்தல் அரிது. எல்லாச் சிறுவரையும் ஒரு கோட்டின் முன் நிறுத்தும் ஆசிரியரைப் பள்ளிதோறும் அனுப்பியவர், தாம் அறிந்தோ அறியாமலோ, இவ்வறத்தையும் உடன் அனுப்பினார் என்றே நாம் கருதுகின்றோம்.

பக் அவர்களின் மனைவியார் மேரி பக் அம்மையார் இப்பணியில் அவருக்குத் துணையாக நின்றார். இருபத்து மூன்று ஆண்டுகள் கலாசாலையை நடத்திய பக் அவர்கள், 1943-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 24-ஆம் நாள், தம் 58-ஆம் வயதில் இயற்கை எய்தினார். உலகப் போர் நடந்த காலம் அது. நாட்டின் விடுதலையைக் காண அவர் இருந்தாரில்லை. ஆனால் அவர் கலாசாலையின் வழிவந்தோர் அப்பணியைத் தொடர்ந்தனர். அவருள் பி. எம். ஜோசப் அவர்கள், 1957-இல் குவாலியரில் இந்திய அரசாங்கத்தார் நிறுவிய லக்ஷ்மிபாய் உடற்கல்விக் கல்லூரியின் முதல் முதல்வரானார். ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கு ஏற்றப்பெற்றது.

இனி நம் சமவெளிக்கு மீள்வோம். சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி என்னும் சிற்றூரில் 1995-இல் பிறந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பேருந்து விபத்தில் ஒரு கால் சிதைந்தது. வறுமை மற்றொரு சுமை. அப்பிள்ளையின் தாவும் திறனைக் கண்டு ஊக்கியவர் அவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 2016-இல் ரியோ நகரின் பாராலிம்பிக் பந்தயத்தில் 1.89 மீட்டர் உயரம் தாண்டி மாரியப்பன் பொற்பதக்கம் பெற்றார், டோக்கியோவில் வெள்ளி, 2024-இல் பாரிஸில் வெண்கலம். பக் அவர்கள் வீரரை அழைத்துக்கொண்டு வெறுங்கையுடன் மீண்ட அதே பாரிஸ். சரியாக நூறாண்டு கழித்து! மாரியப்பனின் ஆசிரியர் பக்கை நேரிற் கண்டிருத்தல் இயலாது. ஆயினும், எவரும் பொருட்படுத்தாத ஒரு சிறுவனைப் பார்ப்பதற்கென்று பள்ளியில் ஓர் ஆசிரியர் இருந்தாரே, அவ்வேற்பாடு முன்னோர் சிலர் உழைத்து அமைத்தது. அவருள் பக் முதல்வர்.

இவ்விடத்தில் நம் குறை ஒன்றையும் மறையாது கூறக் கடமைப்பட்டுள்ளோம். நாம் பயின்ற பள்ளியில் விளையாட்டுப் பாடவேளை அட்டவணையில் மட்டுமே இருந்தது. பொதுத் தேர்வு நெருங்கும் ஆண்டுகளில் கணக்கும் வேதியியலும் அவ்வேளையைக் கவர்ந்துகொண்டன. நாமும் வருந்தவில்லை, மதிப்பெண் கூடுமென மகிழ்ந்தோம். கல்லூரிக்கு வந்தபின் நிகழ்வது என்ன? குழுவில் இடம் பெற்ற சிலர் ஆடுகின்றனர். நாம் திண்டில் அமர்ந்து கைதட்டுகின்றோம். வெற்றிக் கோப்பையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பெருமை கொள்கின்றோம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகின்றோம். சிலர் ஆடப் பலர் பார்ப்பதற்காகவா அந்த ஐந்து மாணவருடன் அக்கொட்டகை தொடங்கப்பெற்றது?

அன்புள்ள மாணவ நண்பர்காள்! பெரியோருக்குச் சிலை வைத்தல் எளிது; அவர் பணியில் பங்கு கொள்ளுதலே அரிது. மாலையில் நாம் ஒரு மணி நேரம் திடலில் இறங்குவோம். வென்றாலும் தோற்றாலும் ஆடுவோம். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒரு பந்தை உடன் எடுத்துச் சென்று, தெருவிலுள்ள சிறுவரை, ஒருவரையும் விலக்காது, கூட்டி ஆடுவோம். நாளை நம்முள் ஆசிரியராவோர், விளையாட்டு வேளையைத் தம் பாடத்திற்கென்று கேட்டு வாங்காதிருப்பதாக இன்றே உறுதி கொள்வாராக. செம்மண் திடலில் ஊதல் ஒலிக்கும்போது, ஐந்து மாணவருடன் தொடங்கிய அப்பெரியாரை ஒரு கணம் நினைப்போமாக.