மொறிஸ் மைனரைத் தந்த அகதி

1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருந்தவர்களுக்கு வீதியெல்லாம் அடித்த மண்ணெண்ணெய்ப் புகையின் மணம் மறந்திருக்காது. பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்கவில்லை. புதிய வாகனங்கள் கொட்டில்களில் முடங்கின. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிஜ்ஜும் ஓடின. சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, அதைக் காபரேற்றருக்குள் சீறி எஞ்சினை இயக்குவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பிள்ளைப்பேற்றுக்குப் போன தாய்மாரையும், ஷெல்லடியில் காயப்பட்டவர்களையும், கலியாண வீட்டுப் பொம்பிளை மாப்பிளையையும் ஏற்றியவை அந்தக் கார்கள்தான். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, கூரையில் மூட்டைகளோடு சனத்துக்குள் ஊர்ந்தவற்றிலும் அவை இருந்தன.

மொறிஸ் மைனரை வடிவமைத்தவரும் ஓர் அகதி என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. அவர் பெயர் அலெக் இசிகோனிஸ். கொக்கிளாயில் ஒரு பழைய மொறிஸ் மைனரைத் திருத்திக்கொண்டிருப்பவன் என்ற உரிமையில் அவருடைய கதையை இங்கே எழுதுகிறேன். ஆசைக்காக ஒரு காரை வைத்திருப்பதா, காசுக்காகக் கைமாற்றுவதா என்ற கேள்வி இப்போது எங்கள் பக்கத்தில் பழைய கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் வந்திருக்கிறது. இசிகோனிஸின் வாழ்க்கை முழுவதும் அந்தக் கேள்வியோடுதான் கழிந்தது.

ஸ்மிர்னாவில் இருந்து

1906 நவம்பர் 18ஆம் திகதி, அன்றைய ஒட்டோமன் பேரரசின் துறைமுக நகரான ஸ்மிர்னாவில் அவர் பிறந்தார். இன்று துருக்கியில் இஸ்மிர் என்று அழைக்கப்படும் நகரம் அது. தந்தை கிரேக்கர், கப்பல் இயந்திரங்களோடு சம்பந்தப்பட்ட தொழிற்சாலை வைத்திருந்தவர். தாய் ஜேர்மனிய வழிவந்தவர். குடும்பத்திடம் பிரித்தானியக் குடியுரிமை இருந்தது. முதல் உலகப் போரில் அந்தக் குடியுரிமையே அவர்களை எதிரி நாட்டவர்கள் ஆக்கியது.

1922 செப்டெம்பரில் துருக்கியப் படைகள் நகருக்குள் நுழைந்தன. நகரம் தீப்பிடித்தது. பின்னால் நெருப்பு, முன்னால் கடல் என்று பெருந்தொகையான சனம் துறைமுகக் கரையில் சிக்கியது. முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. இசிகோனிஸ் குடும்பத்தைப் பிரித்தானியக் கப்பல் மோல்ற்றாத் தீவுக்கு ஏற்றிச் சென்றது. வீடு, தொழிற்சாலை, சொத்து எல்லாம் பின்னால் போயின. மோல்ற்றாவில் தந்தை இறந்தார். 1923இல் தாயும் மகனும் இங்கிலாந்தில் போய் இறங்கினார்கள்.

லண்டனில் பற்றர்சி தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படித்தார். கணிதப் பரீட்சையில் மூன்று தடவைகள் தோற்றார். ஆனால் பென்சிலும் கடதாசியும் கிடைத்தால் ஒரு வாகனத்தின் முழு வடிவத்தையும் கையாலேயே வரைந்துவிடுவார். பின்னாளில் அவருடைய கார்கள் எல்லாம் அப்படிக் கீறிய படங்களில் இருந்துதான் பிறந்தன.

கையால் கட்டிய ஓட்டப்பந்தயக் கார்

1930களில் கார் கம்பனிகளில் சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டே, ஓய்வு நேரத்தில் ஒஸ்ரின் செவன் என்ற சின்னக் காரை மாற்றியமைத்துப் போட்டிகளில் ஓடினார். அது போதவில்லை. ஜோர்ஜ் டவ்சன் என்ற நண்பரோடு சேர்ந்து சொந்தமாகவே ஓர் ஓட்டப்பந்தயக் காரைக் கட்டத் தொடங்கினார். இருவரிடமும் பெரிய காசு இருக்கவில்லை. கைக்கருவிகளோடு, மாலை நேரங்களிலும் விடுமுறைகளிலும், வருடக்கணக்காக அந்த வேலை நடந்தது.

லைற்வெயிற் ஸ்பெஷல் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்துக் கார்களுக்குக் கனமான சேசியும், அதன்மேல் தனியான உடலும் இருக்கும். இவர்கள் ஒட்டுப்பலகையின் மேல் அலுமினியத் தகடு ஒட்டி, உடலையே சேசியாக்கினார்கள். சில்லுகளுக்கு உலோகச் சுருளுக்குப் பதிலாக இறப்பரைப் பயன்படுத்தினார்கள். அந்தக் காரால் அவர்களுக்கு ஒரு சதமும் இலாபம் வரவில்லை. ஆனால் அந்தக் கொட்டிலில் படித்தவற்றை இசிகோனிஸ் வாழ்நாள் முழுக்கப் பயன்படுத்தினார். இருபது வருடங்களுக்குப் பின் வந்த மினிக் காரின் சில்லுகளும் இறப்பரில்தான் தாங்கி நின்றன.

முதலாளிக்குப் பிடிக்காத கார்

1936இல் ஒக்ஸ்போட்டுக்குப் பக்கத்தில் கௌலியில் இருந்த மொறிஸ் கம்பனியில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, சாதாரண குடும்பங்கள் வாங்கக்கூடிய ஒரு சின்னக் காரைத் திட்டமிடும் வேலை அவரிடம் வந்தது. மிகச் சிறிய குழு ஒன்றுதான் அவரோடு இருந்தது. கம்பனியின் உயர் நிர்வாகியான மைல்ஸ் தோமஸ் அவருக்குத் துணையாக நின்றார்.

முதலாளி நஃபீல்ட் பிரபு சைக்கிள் திருத்தும் கடையில் தொடங்கிக் கோடீஸ்வரர் ஆனவர். இருக்கும் பழைய கார்களே நன்றாக விற்கும்போது புதியதற்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. புதிய காரின் உருண்டை வடிவத்தை அவித்த முட்டைக்கு ஒப்பிட்டுக் கேலி செய்தார்.

உற்பத்தி தொடங்கும் நேரத்தில் இசிகோனிஸுக்குக் காரின் அகலம் சரியாகப் படவில்லை. மாதிரிக் காரை நடுவால் நீளத்துக்கு வெட்டி, இரண்டு பாதிகளையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். 4 அங்குல இடைவெளியில் மனம் நிறைந்தது. அவ்வளவு பிந்தி அகலத்தைக் கூட்டுவது செலவான விசயம். ஆனாலும் கூட்டினார்கள். மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் பொனற்றைப் பாருங்கள். நடுவில் ஓடும் அந்தத் தட்டையான மேட்டுப் பட்டிதான் கூட்டிய 4 அங்குலம். ஏற்கெனவே செய்த பம்பர்களையும் நடுவால் வெட்டி இடையில் துண்டு வைத்துத்தான் முதற் கார்களுக்குப் பூட்டினார்கள்.

1948 ஒக்ரோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் கார் வெளிவந்தது. சின்னக் கார்தான், ஆனால் வளைவுகளில் ஓட்டப்பந்தயக் கார் போலத் தரையைப் பிடித்து ஓடியது. 1960 டிசம்பரில் அது பத்து இலட்சத்தைத் தொட்டது. பிரித்தானியாவில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் கார் அதுதான்.

இன்னொரு விசயத்தையும் சொல்ல வேண்டும். இசிகோனிஸ் மைனருக்குப் புதுவிதமான ஓர் எஞ்சினைத்தான் விரும்பினார். அதற்குக் கம்பனி காசு விடவில்லை. பழைய 918 சிசி எஞ்சினைப் பூட்டினார்கள். 1952இல் ஒஸ்ரினோடு கம்பனி இணைந்த பிறகு ஒஸ்ரினின் 803 சிசி எஞ்சின் வந்தது. பின்னர் 948, 1098 என்று வளர்ந்தது அந்த வகைதான். எங்களுக்குக் கைகொடுத்ததும் அதுதான். மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது, அதற்குச் சூடு வேண்டும். இந்த எஞ்சினில் எரிபொருள் உள்ளே போகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டியபடி இருக்கின்றன. புகையின் சூடு மண்ணெண்ணெயை ஆவியாக்கியது. அமுக்கமும் இன்றைய எஞ்சின்களை விடக் குறைவு. அதனால் மட்டமான எரிபொருளையும் தாங்கியது. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும் என்பதால் அடிக்கடி ஒயில் மாற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இசிகோனிஸின் ஆசை நிறைவேறியிருந்தால், யாழ்ப்பாணத்துக் கராச்சுகளில் அந்த எஞ்சினை இப்படிக் கையாண்டிருக்க முடியுமோ என்று நான் யோசிப்பதுண்டு.

மினியும் நட்டக் கணக்கும்

இணைப்புக்குப் பின் அவர் அல்விஸ் கம்பனிக்குப் போய் விலையுயர்ந்த ஒரு காரை வடிவமைத்தார். செலவு தாங்காது என்று அது கைவிடப்பட்டது. 1955 முடிவில் பழைய இடத்துக்குத் திரும்பினார். அடுத்த வருடம் சுயெஸ் கால்வாய் நெருக்கடி வந்தது. பிரித்தானியாவில் பெற்றோல் பங்கீட்டுக்குப் போனது. குறைந்த பெற்றோலில் ஓடும் சின்னக் கார் அவசரமாகத் தேவைப்பட்டது. எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி, கியர் பெட்டியை அதற்குக் கீழே வைத்து, 10 அடி நீளத்துக்குள் நான்கு பேரை இருத்தினார். 1959 ஓகஸ்ட் 26ஆம் திகதி மினி வெளிவந்தது. இன்று வீதியில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சில்லுகளை ஓட்டுபவை.

ஜோன் கூப்பர் அதன் வேகத்தைக் கூட்ட, 1961இல் மினி கூப்பர் பிறந்தது. 1964, 1965, 1967 ஆகிய மூன்று வருடங்களில் மொன்ரே கார்லோ மலைப்பாதைப் போட்டியில் பெரிய கார்களை அது வென்றது. விளையாட்டுக் கார் என்றால் பணக்காரனின் பொருள் என்ற நினைப்பு அத்தோடு உடைந்தது.

ஆனால் கணக்குப் புத்தகம் வேறு கதை சொன்னது. மினி 500 பவுணுக்குக் குறைவாக விற்கப்பட்டது. போட்டிக் கம்பனியான போர்ட் ஒரு மினியை வாங்கி முழுதாகக் கழற்றிப் பார்த்து, ஒவ்வொரு காருக்கும் ஏறக்குறைய 30 பவுண் நட்டம் என்று கணக்கிட்டது. இசிகோனிஸ் செலவைப் பற்றி அதிகம் கவலைப்படாதவர். பிறர் சொல்வதை இலகுவில் கேட்காதவர். 1968இல் கம்பனி இன்னொன்றோடு இணைந்தபோது அவர் ஓரமாக்கப்பட்டார். ஆசையை மட்டும் பார்த்துக் கணக்கைப் பாராமல் விட்டால் தொழில் தள்ளாடும், தொழிலாளியின் வேலையும் போகும். அவரைக் கொண்டாடும்போது இதையும் மறக்கக்கூடாது.

1969இல் சேர் பட்டம் பெற்றார். 1971இல் ஓய்வு பெற்றார். திருமணம் செய்யவில்லை. அவரோடு அகதியாக வந்த தாய் கடைசிவரை அவரோடுதான் இருந்தார், 1972இல் இறந்தார். இசிகோனிஸ் 1988 ஒக்ரோபர் 2ஆம் திகதி பேர்மிங்காமில் காலமானார். அதற்கு இரண்டு வருடங்களின் பின்னர் எங்கள் தெருக்களில் அவருடைய கார் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கியது.

கொக்கிளாயில் ஒரு மைனர்

1984இல் எங்கள் ஊர் முழுவதும் துரத்தப்பட்டது. போர் முடிந்த பிறகு திரும்பி வந்தபோது காணியில் பற்றையும் கிணற்றுக் கட்டும்தான் இருந்தன. முள்ளிவாய்க்காலில் விட்ட வாகனங்கள் பழைய இரும்பாக நிறுத்து ஏற்றப்பட்டதைப் பார்த்தவன் நான். அதன் பிறகுதான், யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடிக் களைத்து நின்ற ஒரு மொறிஸ் மைனரை வாங்கினேன். இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து இருக்கிறது. 1957இல் எங்கள் தலைவர்கள் எதிர்த்துப் போராடிய அதே எழுத்து. அதைக் கழற்றவில்லை, அதுவும் இந்தக் காரின் வரலாறுதான்.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. இரண்டு பக்க உப்புக்காற்றும் தகட்டைத் தின்கிறது. கதவுக்குக் கீழ் ஓடும் தகடும், தரைக்குக் கீழான குறுக்குச் சட்டமும், பின்வில்லுப் பூட்டும் இடமும்தான் முதலில் உக்கும். வெளியில் எவ்வளவு பளபளப்பாகப் பெயின்ற் அடித்தாலும் இந்த மூன்றும் போனால் கார் போச்சு. வாங்குபவர்கள் முதலில் குனிந்து கீழே பாருங்கள்.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்களின் விலை ஏறியது. வெளியூர்களில் இருந்து ஆட்கள் தேடி வந்தார்கள். என்னிடமும் வந்தார்கள். அவர்கள் சொன்ன தொகை வீட்டுக் கூரையை முடித்து, பிள்ளையின் படிப்புக்கும் மிஞ்சும். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, கணக்கை மட்டும் கடதாசியில் எழுதி மேசையில் வைத்தார். அந்தக் கடதாசி நியாயமானது. நான் இன்னும் விற்கவில்லை, பிள்ளை பல்கலைக்கழகம் போகும் நாளில் விற்கவும் கூடும்.

விற்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கு ஒரு கார் சிலவேளை ஒரு வீடு. ஆனால் கொடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அந்தக் கார் யாரை ஏற்றியது, எந்த இடப்பெயர்வில் எந்த வீதியால் போனது, எந்தக் கராச்சில் எதை மாற்றினார்கள் என்பதைப் பழைய றைவர்மாரிடமும் மெக்கானிக்மாரிடமும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒரு பிரதியை வாங்குபவரிடம் கொடுங்கள், மற்றதை வீட்டில் வையுங்கள். மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய அந்த மனிதர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.