காணாத துணையைக் கணித்தவர்

பல்கலைக்கழகத்தில் மாணவராகப் பயிலாத ஒருவர், விண்மீன் ஒன்றின் தொலைவை நம்பத்தகுந்த வகையில் அளந்து உலகுக்கு அறிவித்தார். அவரே ஜெர்மானிய வானியல் அறிஞர் பிரீட்ரிக் வில்ஹெல்ம் பெசல்.

1784ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் மிண்டன் நகரில், அரசு அலுவலர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். பதினான்கு அகவையில் பள்ளியை விட்டு நீங்கி, பிரெமன் நகர வணிக நிறுவனம் ஒன்றில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். பகற்பொழுது கணக்கேடுகளில் கழிந்தது. இரவுப்பொழுது கல்விக்கு உரியதாயிற்று. சரக்குக் கப்பலில் கடல் கடக்கும் வேட்கை மாலுமிக் கலையைக் கற்கத் தூண்டியது. அக்கலை வானியலுக்கு வழிகாட்டியது.

1804இல், இரு நூற்றாண்டுகட்கு முற்பட்ட பதிவுகளைக் கொண்டு ஹாலி வால்மீனின் பாதையைக் கணித்து, மருத்துவரும் வானியலாருமான ஓல்பர்சிடம் ஒப்படைத்தார். இளைஞரின் ஆற்றலைக் கண்டு வியந்த ஓல்பர்சு அவருக்கு உற்ற துணையானார். வணிகத்தில் காத்திருந்த நல்லூதியத்தைத் துறந்து, 1806இல் லிலியந்தால் வானாய்வகத்தில் உதவியாளரானார் பெசல். 1810இல் கோனிக்சுபெர்க் நகருக்கு அழைக்கப்பெற்று, அங்கு எழுந்த புதிய வானாய்வகத்தின் தலைவராக இறுதிவரை பணியாற்றினார்.

பூமி கதிரவனைச் சுற்றுமாயின், அண்மையிலுள்ள விண்மீன் தொலைவிலுள்ளவற்றினிடையே சிறிதேனும் இடம்பெயர்ந்து தோன்ற வேண்டும். கோப்பர்நிக்கசுக்குப் பின் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் தேடியும் அப்பெயர்ச்சி ஐயமறப் புலப்படவில்லை. பலர் ஒளிமிக்க மீன்களையே நாடினர். பெசலோ, மங்கலாயினும் விரைந்து நகரும் 61 சிக்னி என்னும் மீனைத் தேர்ந்தார். விரைவு அண்மையின் அடையாளம் என்பது அவர் துணிபு. பிரான்கோபர் பட்டறையில் உருவான ஹீலியோமீட்டர் கருவியால் இரவுதோறும் அளந்து, 1838இல் முடிவை வெளியிட்டார். ஒரு விகலையில் மூன்றிலொரு பங்கினும் குறைந்த பெயர்ச்சி அது! அவர் கணித்த தொலைவு பத்து ஒளியாண்டுகட்குச் சற்று மேல். இன்றைய அளவு 11.4 ஒளியாண்டுகள்.

1840இல் மகனை இழந்த துயரிலும் அவர் பணி நிற்கவில்லை. சிரியசு விண்மீன் நேர்வழியே செல்லாது அலைபோல் அசைந்து செல்வதைக் கண்டு, கண்ணுக்குப் புலனாகாத துணைமீன் ஒன்று அதனை ஈர்க்கிறது என 1844இல் அறிவித்தார். அத்துணையைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1846 மார்ச் 17இல் அவர் மறைந்தார்.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 1862இல், அமெரிக்கரான ஆல்வன் கிரகாம் கிளார்க் புதிய தொலைநோக்கி ஒன்றைச் சோதித்தபோது, சிரியசின் பேரொளிக்கருகே ஒரு சிறு புள்ளி தெரிந்தது. அசைவைக் கொண்டு பெசல் உணர்ந்த துணை அதுவே.