ஜூல்ஸ் வெர்ன்

பிரான்சின் நாந்த் துறைமுக நகரில் 1828-ஆம் ஆண்டு பிறந்தார் ஜூல்ஸ் வெர்ன். தந்தை வழக்கறிஞர், மகனோ சட்டம் பயின்றும் எழுத்தையே நாடினார்.

1870-இல் நிறைவுற்ற 'கடலடியில் இருபதாயிரம் லீக்' என்னும் அறிவியல் புதினத்தில், நீர்மூழ்கிக் கப்பல் தலைவர் நெமோ பகைவரின் கப்பலை மூழ்கடிக்கிறார். அவர் எந்நாட்டவர் என்பதை வெர்ன் சொல்லவில்லை.

அத்துணைப் புகழ் பெறாத 'மர்மத் தீவு' (1875) வேறொரு கதை. ஆளில்லாத் தீவில் சிக்கிய ஐவருக்கு யாரோ மறைந்திருந்து உதவுகிறார். அம்முதியவர் நெமோவே! 1857-ஆம் ஆண்டு எழுச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு, குடும்பத்தையும் இழந்த இந்திய இளவரசர் அவர். இரு நூல்களின் ஆண்டுக் கணக்கும் பொருந்தாது; ஆயினும் பழிவாங்கிய கரமே உயிர்காக்கும் கரமாவதை இங்குதான் காண்கிறோம்.

வெர்ன் 1905-இல் அமியேன் நகரில் காலமானார்.

மாணவிகளே, புகழ்பெற்ற நூலோடு நின்றுவிடாது அடுத்ததையும் தேடிப் படியுங்கள். முழுக்கதையும் அறியாமல் எவரையும் தீர்ப்பிடலாகாது அன்றோ!