ஓயாத தேடல்

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910இல் லாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். விண்மீன்களின் முடிவு பற்றி இவர் கணித்ததை, 1935இல் லண்டனில் அறிஞர்கள் கூடிய அவையில் எடிங்டன் எள்ளி நகையாடினார். இவரோ மனம் தளராமல் புதிய துறைகளிலும் இறங்கினார்.

அவற்றுள் ஒன்று பிளாஸ்மா இயற்பியல். சூரியனைப்போல் அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் பெற, வாயுவைப் பல கோடி பாகை சூடாக்கிப் பிளாஸ்மாவாக்க வேண்டும். அதைக் காந்தப்புலமே வேலியாய் நின்று காக்கும். பிளாஸ்மாவில் எழும் சிற்றலை, விரைந்தோடும் துகள்களிடம் ஆற்றல் பெற்று வளர்ந்தால், அத்துகள்களையே வேலிக்கு வெளியே தள்ளிவிடக்கூடும். காந்த வேலிக்குள் பிளாஸ்மா எப்போது நிலைகுலையும் என்பதை இவர் 1950களில் அமெரிக்காவில் ஆராய்ந்தார்; இவரின் விரிவுரைகள் 1960இல் நூலாயின.

விண்மீன் ஆய்வுகளுக்காக 1983இல் நோபல் பரிசு பெற்றார். 1995இல் மறையும்வரை இவரின் தேடல் ஓயவில்லை.