அன்னை சாய்ந்திருந்த மேஜை

1943-ஆம் ஆண்டின் இறுதியில், பூனா நகரத்து ஆகாகான் மாளிகைச் சிறையில் அன்னை கஸ்தூரிபாவின் உடல்நிலை மிகவும் நலிவுற்றது. நாட்பட்ட மூச்சுக்குழல் நோயுடன் இதய நோயும் சேர்ந்துகொண்டது. படுத்தால் மூச்சுத் திணறும். உட்கார்ந்தால் தலை நிற்காது. ஆகவே, படுக்கையின்மீது வைத்துக்கொள்ளத்தக்க சிறிய மர மேஜை ஒன்றைக் காந்தியடிகள் அவருக்காக ஏற்பாடு செய்தார். அதன்மேல் கைகளை மடித்து, தலையைச் சாய்த்து, இரவு பகலாக அன்னை அமர்ந்திருப்பார். 1944 பிப்ரவரி 22 அன்று அவர் மறைந்த பிறகு அம்மேஜை வெறுமையாயிற்று. அதை ஒரு மூலையில் ஒதுக்கி வைக்கவோ, கண்ணில் படாமல் அகற்றவோ அண்ணல் இசையவில்லை. தம் காலை உணவை அதன்மேல் வைத்து உண்ணலானார். அதைக் காணும்போதெல்லாம் சாய்ந்த தலையுடன் துணைவியார் அமர்ந்திருந்த காட்சி அவர் கண்முன் எழுந்தது.

வாழ்நாளெல்லாம் பற்றின்மையைப் போதித்தவர் அவர். மாலைதோறும் பிரார்த்தனையில் ஸ்திதப்பிரக்ஞனின் இலக்கணத்தைக் கூறும் கீதைப் பகுதியை ஓதியவர். மரணத்தை நண்பனாக வரவேற்க வேண்டுமென்று பிறருக்கு எத்தனையோ கடிதங்களில் எழுதியவர். அத்தகையவருக்கு ஒரு மரத்துண்டு ஏன் இத்தனை பெரிதாயிற்று?

இருவருக்கும் மணமானபோது வயது பதின்மூன்று அளவே. அறுபத்திரண்டு ஆண்டுகள் நீண்ட அத்தாம்பத்தியம் எப்போதும் இனிமையாக இருந்ததன்று. இளமையில் மனைவியை ஐயுற்றதையும் அடக்க முயன்றதையும் காந்தியடிகள் தம் சுயசரிதையில் மறைக்கவில்லை. டர்பன் நகர இல்லத்தில் விருந்தினரின் கழிவுக் கலத்தைச் சுத்தம் செய்யும் விஷயத்தில் எழுந்த சச்சரவில், மனைவியின் கையைப் பற்றி வாயில்வரை இழுத்துச் சென்று வெளியே தள்ள முற்பட்டதையும் அவரே எழுதி வைத்தார். 1906-இல் பிரம்மசரிய விரதம் பூண்ட பின்னரே இருவருக்குமிடையே உண்மையான தோழமை மலர்ந்தது என்பது அவர் கருத்து. 1913-இல் தென்னாப்பிரிக்காவில் அன்னை தாமே முன்வந்து மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை ஏற்றார். அதே போராட்டத்தில் சிறை சென்று, நோயுற்று, விடுதலையான சில நாட்களில் உயிர் நீத்தவர் தில்லையாடி வள்ளியம்மை. அச்சிறுமி மறைந்ததும் ஒரு பிப்ரவரி 22-இல்தான், ஆண்டு 1914. அன்னையின் மறைவுக்குச் சரியாக முப்பது ஆண்டுகளுக்கு முன்பு.

ஆகாகான் மாளிகைக்கு அவர்கள் வந்தது 1942 ஆகஸ்டில், 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானத்தை ஒட்டி. வந்த சில நாட்களில், ஆகஸ்டு 15 அன்று, மகாதேவ தேசாய் மாரடைப்பால் காலமானார். மாளிகை வளாகத்திலேயே தகனம் நடந்தது. அவ்விடத்தில் சமாதி எழுந்தது. காந்தியடிகள் தினமும் மலர் கொண்டு சென்று அதன்முன் நிற்பார். கீதையின் பன்னிரண்டாம் அத்தியாயம் ஓதப்படும். மகனைப் போல் வளர்ந்தவரின் சமாதியை அன்னை சிவபெருமானின் சந்நிதியாகவே பாவித்தார்.

முள்வேலிக்குள்ளும் வாழ்க்கை நடந்தது. எழுபத்து நான்கு வயது மனைவிக்குக் கணவர் பாடம் நடத்தினார். குஜராத்தி இலக்கணம் ஒருபுறம், பூகோளம் மறுபுறம். பஞ்சாபின் ஐந்து நதிகளின் பெயர்கள் அன்னையின் நினைவில் நிற்கவேயில்லை. கேரம் ஆட்டம் மட்டும் அவருக்கு மிகவும் பிடித்தமாக இருந்தது. பின்னாளில் துயரம் சற்றும் எதிர்பாராமல் தலைகாட்டுவது இத்தகைய சிறு பொருள்களிலிருந்துதான்.

இறுதி நாட்களில் இளைய மகன் தேவதாஸ் கல்கத்தாவிலிருந்து பென்சிலின் மருந்தை விமானத்தில் வரவழைத்தார். சில மணிக்கொரு முறை ஊசி குத்த வேண்டும் என்று அறிந்ததும் காந்தியடிகள் இசையவில்லை. உயிர் பிரியும் நிலையிலுள்ள உடலை மேலும் வருத்த வேண்டாம் என்பது அவர் முடிவு. அம்முடிவு சரியா என்ற வினா இன்றும் எழுப்பப்படுகிறது. எழுப்புவோரைக் குறை கூறவும் இயலாது. முடிவெடுத்தவருக்கும் அவ்வினா ஓய்ந்துவிடவில்லை. மருந்து அவரைக் காப்பாற்றியிராது என்றும், தம் நம்பிக்கையைக் கைவிடுவதாக அது முடிந்திருக்கும் என்றும் பின்னர் அவர் சொல்லிக்கொண்டார். துணையை இழந்தவர் எவரும், செய்ததையும் செய்யாமல் விட்டதையும் மனத்துள் திரும்பத் திரும்ப எடைபோடாமல் இருப்பதில்லை. அவரும் அதற்கு விலக்கல்லர்.

அன்று மகாசிவராத்திரி. மாலை 7.35 மணிக்குக் கணவர் மடியில் தலை வைத்தபடி அன்னை உயிர் நீத்தார். அண்ணல் நூற்ற நூலால் நெய்த புடவை போர்த்தப்பட்டது. மறுநாள் சிதைக்குச் சந்தனக் கட்டைகள் வந்தன. ஏழையின் மனைவிக்குச் சந்தனம் எதற்கு என்று காந்தியடிகள் தயங்கினார். 1943-இல் அவர் இருபத்தொரு நாள் உண்ணாவிரதம் இருந்தபோது பிழைக்கமாட்டார் என எண்ணி அரசாங்கம் வாங்கி வைத்திருந்த கட்டைகள் அவை என்பது தெரியவந்தது. தமக்கென வந்த சந்தனத்தில் மனைவி எரிவதை, ஒரு மரத்தடியில் அமர்ந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வெடுக்குமாறு உடனிருந்தோர் வேண்டியபோதும் எழவில்லை. இத்தனை ஆண்டுத் துணையை விட்டு இறுதி நேரத்தில் எப்படி விலகுவது என்று மறுத்துவிட்டார். சில நாட்கள் கழித்து அஸ்தி சேகரிக்கையில், அன்னையின் ஐந்து கண்ணாடி வளையல்கள் உடையாமல் சாம்பலில் கிடந்தன.

நம் நாட்டுத் தலைவர்கள் பலர் இவ்வகைத் துயரை வெளிக்காட்டாமலே கடந்தனர். 1909-இல் நீதிமன்றத்தில் வாதாடிக்கொண்டிருந்த வல்லபாய் பட்டேல், மனைவி இறந்த தந்தியைப் படித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாதத்தைத் தொடர்ந்தார். 1912-இல் மாண்டலே சிறையில் தனித்திருந்த திலகருக்கு மனைவியின் மறைவுச் செய்தி தந்தியாகவே வந்தது. அவர்களின் மனவுறுதி வணங்கத்தக்கது. காந்தியடிகளின் வழி வேறு. வைசிராய் வேவல் பிரபு எழுதிய இரங்கல் கடிதத்திற்கு மார்ச் 9 அன்று அனுப்பிய பதிலில், வேதனையிலிருந்து மனைவிக்குக் கிட்டிய விடுதலை என்று அம்மரணத்தை வரவேற்றபோதிலும், தாம் எண்ணியிருந்ததைவிட இழப்பு மிகுதியாகத் தாக்குகிறது என்று ஒப்புக்கொண்டார். தம்மைச் சிறை வைத்த ஆட்சியின் பிரதிநிதிக்கு இவ்வாறு எழுத மிகுந்த நேர்மை வேண்டும். மனைவியின் மனவுறுதியைத் தாம் முன்பு பிடிவாதமெனத் தவறாகக் கருதியதையும், அவ்வுறுதியே தமக்கு அகிம்சை ஒத்துழையாமையின் ஆசானாக அமைந்ததையும் அக்கடிதத்திலேயே குறிப்பிட்டார்.

துயரம் சினமாகவும் வெளிப்பட்டது. நோயாளிக்கு எல்லா வசதியும் செய்யப்பட்டதாகப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கூறப்பட்டதைப் படித்ததும், அதை மறுத்து அரசாங்கத்துக்குக் கடிதங்கள் எழுதினார். வைத்தியர் சிவ சர்மா இரவில் உள்ளே தங்க அனுமதியின்றி, வாயிலுக்கு வெளியே காரிலேயே உறங்க நேர்ந்ததை அவரால் மறக்க இயலவில்லை.

ஆனால் நாள்தோறும் நடந்தது வேறொன்று. மகாதேவரின் சமாதிக்கு மலர் கொண்டு சென்ற அதே பாதையில் இப்போது இரு சமாதிகளுக்கு மலர் சென்றது. முன்பு அந்த மலர்களுடன் அன்னையின் வணக்கமும் சென்ற பாதை அது. அப்பாதையை அவர் தவிர்க்கவில்லை. நினைவு எங்கே காத்திருக்கிறதோ அங்கேயே குறித்த வேளையில் சென்று நின்றார். சொல்லாமல் வந்து தாக்கும் நினைவுக்கு இவ்வாறு ஒரு நேரமும் இடமும் அமைந்தன. கீதை பாராயணமும் நூல் நூற்றலும் தடைப்படவில்லை. ஏப்ரலில் மலேரியா அவரை வாட்டியது. 1944 மே 6 காலை விடுதலை ஆணை வந்தபோது, காருக்குச் செல்லுமுன் இரு சமாதிகளிலும் மலர் தூவி வணங்கினார். சிறையிலிருந்து வெளியே செல்ல அன்னை எவ்வளவு ஏங்கினார் என்ற எண்ணம் அவ்வேளையில் அவரைத் தொட்டது.

ஆகஸ்டில் சேவாகிராமம் திரும்பினார். அங்கே அன்னையின் குடில் இருந்தது. இன்றும் 'பா குடி' என்ற பெயருடன் இருக்கிறது. அன்னையின் பெயரால் நாடெங்கும் நிதி திரட்டப்பட்டது. அண்ணலின் எழுபத்தைந்தாம் பிறந்த நாளான அக்டோபர் 2-க்குள் எழுபத்தைந்து லட்சம் ரூபாய் என்பது இலக்கு. சேர்ந்ததோ ஒரு கோடிக்கும் மேல். சிலையோ மாளிகையோ எழுப்பாமல், கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமே அத்தொகை செலவாக வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். எழுத்தறிவு அதிகம் பெறாத, ஆனால் ஆசிரமத்தில் எத்தனையோ பேருக்குத் தாயாக இருந்த ஒருவருக்கு அதைவிடப் பொருத்தமான ஈமக்கடன் வேறில்லை.

1947-இல் கலவரத்தால் சிதைந்த நவகாளியில் கிராமம் கிராமமாக நடந்துகொண்டிருந்தபோதும், அன்னையின் நினைவு நாள் வந்தது. சுற்றிலும் கணவரை இழந்த பெண்களின் அழுகுரல். அன்றும் கீதை பாராயணத்துடன் அந்நாளைக் கழித்தார். உடனிருந்து ஓதியவர் மனு. ஆகாகான் மாளிகையில் அன்னைக்குக் கடைசிவரை பணிவிடை செய்த அதே சிறுமி.

1969-இல் ஆகாகான் அம்மாளிகையை நாட்டுக்கு வழங்கினார். மகாதேவரும் அன்னையும் தகனமான இடத்தில் இரு சமாதிகள் இருக்கின்றன. அருகிலேயே காந்தியடிகளின் அஸ்தியில் ஒரு பகுதியும் வைக்கப்பட்டுள்ளது.